ஐந்தாவதாக வருபவரின் பந்தயம்: அமெரிக்கக் கல்லூரி கிராஸ் கன்ட்ரியில் அணிகள் வெல்வது எப்படி?

2023 நவம்பரில் வர்ஜீனியா மாநிலத்தின் சார்லட்ஸ்வில் நகருக்கு அருகே நடந்த அமெரிக்கக் கல்லூரிகளுக்கான கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்பில், ஆண்கள் பந்தயத்தில் முதலில் வந்தவர் ஹார்வர்டின் கிரஹாம் பிளாங்க்ஸ். பெண்கள் பந்தயத்தில் முதலில் வந்தவர் புளோரிடா பல்கலைக்கழகத்தின் பார்க்கர் வால்பி. அணிக் கோப்பைகளோ ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் நார்த் கரோலினா ஸ்டேட்டுக்கும் போயின. மறு ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் பிளாங்க்ஸ் மீண்டும் வென்றார். பெண்களில் அலபாமாவின் டோரிஸ் லெம்ன்கோல் வென்றார். அப்போதும் ஆண்கள், பெண்கள் என இரண்டு அணிக் கோப்பைகளும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கே கிடைத்தன.

இந்த முடிவுகளை மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் குழம்புவதில் வியப்பில்லை. முதலில் வந்தவரின் அணி ஏன் வெல்லவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. எல்லோருடைய நேரத்தையும் கூட்டிச் சராசரி பார்த்துத்தான் கோப்பை தருகிறார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. ‘அவர்களிடம் நாட்டிலேயே வேகமான பையன் இருக்கிறான், இந்த ஆண்டு அவர்கள்தான்’ என்று பருவம் தொடங்கும்போதே சொல்லிவிடுபவர்களும் உண்டு. அமெரிக்காவில் பள்ளி, கல்லூரி அணிகளில் ஓடும் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கும் இந்தக் கணக்கு பிடிபடச் சில ஆண்டுகள் ஆகின்றன. கணக்கு உண்மையில் கடினமானதன்று. அதைப் புரிந்துகொண்டால், பந்தயத்தில் யார் எதற்காக எப்போது முந்துகிறார்கள் என்பதும், எந்த அணிக்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறது என்பதும் தாமாகவே விளங்கத் தொடங்கும்.

## எந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறோம்

கிராஸ் கன்ட்ரி என்பது ஓடுதளத்தை விட்டுவிட்டுப் புல்வெளி, மண்பாதை, மேடு, சரிவு என இயற்கையான நிலத்தில் ஓடும் நெடுந்தூர ஓட்டம். அமெரிக்காவில் இது இலையுதிர்காலத்து விளையாட்டு. செப்டம்பரில் தொடங்கி நவம்பர் இறுதிக்குள் முடிந்துவிடும். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பின் பெயர் என்சிஏஏ. அதன் ஆண்கள் சாம்பியன்ஷிப் 1938 முதலும் பெண்கள் சாம்பியன்ஷிப் 1981 முதலும் நடந்து வருகின்றன. இந்தக் கட்டுரை அந்த அமைப்பின் முதல் பிரிவை, அதாவது பெரிய பல்கலைக்கழகங்கள் போட்டியிடும் பிரிவை, மட்டுமே எடுத்துக்கொள்கிறது. நாம் பேசப்போகும் ஆண்டுகளில் தேசியப் பந்தயத்தின் தூரம் ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 6 கிலோமீட்டர்.

தேசியப் பந்தயத்தில் 31 அணிகள் ஓடும். ஒவ்வோர் அணியிலும் 7 பேர். அணியாகத் தகுதி பெறாமல் தனியாகத் தகுதி பெற்ற 38 பேரும் அவர்களோடு ஓடுவார்கள். ஆக, ஒரே துப்பாக்கிச் சத்தத்துக்கு ஒரே கோட்டிலிருந்து 255 பேர் புறப்படுகிறார்கள். இந்த எண்ணிக்கையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்; பின்னால் வரும் எல்லாத் தந்திரங்களுக்கும் வேர் இதுதான்.

## நேரம் எண்ணப்படுவதில்லை, இடம் எண்ணப்படுகிறது

ஓர் அணியின் ஏழு பேரில் முதலில் வரும் ஐந்து பேர் எந்தெந்த இடத்தில் முடித்தார்களோ அந்த எண்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை குறைவாக உள்ள அணிக்கே வெற்றி. ஐவரும் முதல் ஐந்து இடங்களைப் பிடித்தால் 1, 2, 3, 4, 5 சேர்ந்து 15 புள்ளிகள். அதற்குக் கீழே போக வழியே இல்லை. தேசியப் பந்தயத்தில் யாரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. 1981இல் எல் பாசோவிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி 17 புள்ளிகள் எடுத்தது. இன்றுவரை அதுவே மிகக் குறைந்த எண்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கே மாணவருக்குக் கல்லூரியை வாங்கித் தருவது கட்-ஆஃப் மதிப்பெண் அன்று, அந்த மதிப்பெண் தரும் தரவரிசை எண். முதலிடம் பெற்றவர் இரண்டாமவரைவிட எத்தனை மதிப்பெண் கூடுதலாக எடுத்தாலும் அவருடைய எண் 1தான். கிராஸ் கன்ட்ரியிலும் அப்படியே. ஒருவர் அரை நொடியில் வென்றாலும் அரை நிமிடத்தில் வென்றாலும் அவருடைய அணிக்குச் சேரும் புள்ளி ஒன்றுதான். முன்னணி வீரரின் கூடுதல் வேகத்தைச் சேமித்துப் பின்னால் வரும் தோழருக்குக் கொடுக்க முடியாது. பின்னால் வருபவரின் சறுக்கலுக்கோ வரம்பே இல்லை. ஐந்தாமவர் 60ஆம் இடத்தில் வருவதற்குப் பதிலாக 160ஆம் இடத்தில் வந்தால் அணியின் கணக்கில் 100 புள்ளிகள் ஏறிவிடும்.

தனியாகத் தகுதி பெற்று ஓடுபவர்களை என்ன செய்வது என்ற கேள்வி இங்கே எழும். அணிக் கணக்குப் போடும்போது அவர்களை வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள். பந்தயத்தில் 20ஆவதாக வந்தவருக்கு முன்னால் தனிநபர்கள் நான்கு பேர் இருந்தால், அணிக் கணக்கில் அவர் 16. முடிவுப் பட்டியலில் அச்சாகியிருக்கும் இடங்களை நேரடியாகக் கூட்டிப் பார்த்துவிட்டு ‘கணக்கு தப்பாக இருக்கிறது’ என்று வாதிடுபவர்கள் பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான் மறந்திருப்பார்கள்.

இதுவரை பார்த்தது: ஏழு பேர் ஓடுகிறார்கள், ஐந்து பேர் எண்ணப்படுகிறார்கள், எண்ணப்படுவது இடம் மட்டுமே, குறைந்த தொகை வெல்கிறது.

## ஆறாமவரும் ஏழாமவரும் சும்மா ஓடவில்லை

எண்ணப்படாத அந்த இருவருக்கு ஆங்கிலத்தில் டிஸ்பிளேசர் என்று பெயர். தமிழில் ‘இடம் தள்ளுபவர்’ எனலாம். அவர்கள் தங்கள் அணியின் தொகையில் எதையும் கூட்டுவதில்லை, குறைப்பதுமில்லை. ஆனால் எதிரணியின் ஐவரில் ஒருவரை முந்தினால், முந்தப்பட்டவரின் எண் ஒன்று கூடிவிடும். அதாவது அவர்கள் சொந்த அணிக்குப் புள்ளி சேர்க்காமலேயே எதிரணிக்குச் சுமை ஏற்றுகிறார்கள்.

இரண்டே அணிகள் மோதும் பந்தயத்தை எடுத்துக்கொண்டால் இது பளிச்செனத் தெரியும். ஓர் அணியின் ஏழு பேரும் முதல் ஏழு இடங்களைப் பிடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய தொகை 15. அடுத்த அணியின் ஐவர் 8, 9, 10, 11, 12 ஆகிய இடங்களில் வருவதால் அவர்களுடைய தொகை 50. ஆறாமவரும் ஏழாமவரும் இல்லாதிருந்தால் அந்த 50 வெறும் 40ஆக இருந்திருக்கும். எண்ணப்படாத இருவர் சேர்ந்து பத்துப் புள்ளிகளை ஏற்றியிருக்கிறார்கள்.

அவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எண்ணப்படும் ஐவரில் ஒருவர் கால் பிடித்து நின்றுவிட்டால், ஆறாமவர் அந்தக் கணமே ஐந்தாமவர் ஆகிவிடுகிறார். பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போது தாம் எண்ணப்படப் போகிறோமா இல்லையா என்பது அவருக்கே தெரியாது. அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் ஏழு பேரிடமும் ‘நீதான் ஐந்தாவது’ என்று சொல்லி ஓட விடுகிறார்கள்.

## நடுக்கூட்டத்தில் ஒரு நொடியின் விலை

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தொலைக்காட்சி ஒளிபரப்பு பெரும்பாலும் காட்டாமல் விட்டுவிடும் பகுதியும் இதுதான். கேமரா முன்னால் ஓடும் ஐந்தாறு பேரோடு போய்விடுகிறது. கோப்பையோ அவர்களுக்கு அரை நிமிடம் பின்னால், நெருக்கியடித்துக்கொண்டு வரும் பெருங்கூட்டத்துக்குள் தீர்மானமாகிக்கொண்டிருக்கிறது.

மேலே சொன்ன கலந்தாய்வு உவமையையே இன்னும் சற்று நீட்டலாம். 200க்கு 199 எடுத்தவர்கள் சிலரே. அங்கே அரை மதிப்பெண் போனால் தரவரிசை சிறிதளவுதான் இறங்கும். நடுவில் பெருந்திரளாக மாணவர்கள் இருக்கும் இடத்தில் அதே அரை மதிப்பெண், பெயரைப் பல பக்கங்கள் கீழே தள்ளிவிடும். கிராஸ் கன்ட்ரியிலும் வீரர்கள் சீரான இடைவெளியில் வந்து சேர்வதில்லை. முன்னால் சிலர் சிதறி வருகிறார்கள். நடுவில் அலையாக வருகிறார்கள். கடைசியில் மீண்டும் சிதறுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. 40ஆம் இடத்துக்கும் 140ஆம் இடத்துக்கும் இடையிலுள்ள நூறு பேர் 40 நொடிக்குள் கோட்டைக் கடக்கிறார்கள் என்று கொள்வோம். நொடிக்கு இரண்டரைப் பேர். அந்தக் கூட்டத்துக்குள் இருக்கும் ஐந்தாமவர் கடைசி மேட்டில் நான்கு நொடி தளர்ந்தால் பத்து இடங்களை, எனவே பத்துப் புள்ளிகளை, இழக்கிறார். முன்னணியில் ஓடும் அவருடைய தோழர் நான்கு நொடி தளர்ந்தாலோ ஓர் இடமோ இரண்டிடமோதான் இழப்பார். அவ்விருவரும் இழந்த நேரம் ஒன்றுதான். அணிக்கு ஏற்பட்ட இழப்பில்தான் இவ்வளவு வேறுபாடு.

2023இன் பெண்கள் முடிவு இதற்கு நல்ல சான்று. நார்த் கரோலினா ஸ்டேட் 123 புள்ளிகள், நார்தர்ன் அரிசோனா 124 புள்ளிகள். வேறுபாடு ஒன்றே ஒன்று. நார்தர்ன் அரிசோனாவின் ஐவரில் ஒருத்தி மூன்றாவது அணியைச் சேர்ந்த ஒருத்தியைக் கூடுதலாக முந்தியிருந்தால் தொகைகள் சமமாகியிருக்கும். முந்தப்பட்டவர் நார்த் கரோலினா ஸ்டேட்டின் ஐவரில் ஒருத்தியாக இருந்திருந்தால் கோப்பையே கைமாறியிருக்கும். ஏனெனில் எதிரணி வீராங்கனையை நேரடியாக முந்தும்போது இந்தப் பக்கம் ஒன்று குறைகிறது, அந்தப் பக்கம் ஒன்று கூடுகிறது, மொத்தத்தில் இரண்டு புள்ளிகள் புரள்கின்றன. கடைசி நூறு மீட்டரில் பயிற்சியாளர்கள் தொண்டை கிழிய எதிரணியின் சீருடை நிறத்தைச் சொல்லிக் கத்துவதன் காரணம் இதுதான்.

சமநிலை வருவதும் நடந்திருக்கிறது. 2022இல் ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டரில் நடந்த ஆண்கள் பந்தயத்தில் நார்தர்ன் அரிசோனாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் 83 புள்ளிகளில் சமமாக நின்றன. விதிப்படி இரண்டு அணிகளின் முதலாமவரை முதலாமவரோடும், இரண்டாமவரை இரண்டாமவரோடும், இவ்வாறே ஐந்தாமவர் வரையிலும் ஒப்பிட்டார்கள். ஐந்தில் மூன்று ஒப்பீடுகளில் முன்னே இருந்த நார்தர்ன் அரிசோனா கோப்பையைப் பெற்றது. ஓக்லஹோமா ஸ்டேட் தோற்றது, தன் சொந்த மைதானத்தில்.

சுருக்கமாக, முன்னணியில் ஒரு நொடி மலிவு, நடுக்கூட்டத்தில் ஒரு நொடி விலை உயர்ந்தது. ஆகவே அணியின் விதி பெரும்பாலும் அதன் நான்காமவர், ஐந்தாமவர் கையில் இருக்கிறது.

## சிறிய பந்தயத்தில் வென்ற அணி பெரிய பந்தயத்தில் தோற்பது ஏன்

‘அக்டோபரில் அவர்களைத் தோற்கடித்தோமே, நவம்பரில் எப்படித் தோற்றோம்?’ என்ற கேள்விக்குப் பலரும் மனஉறுதி, அதிர்ஷ்டம் என்று விடை சொல்வார்கள். பல வேளைகளில் உண்மையான விடை கூட்டல் கணக்கில்தான் இருக்கிறது.

இரண்டு அணிகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் அணியில் மிக வேகமான இருவர் இருக்கிறார்கள்; மற்றவர்கள் சுமார். இரண்டாம் அணியில் நட்சத்திரம் யாருமில்லை. ஏழு பேரும் ஏறத்தாழ ஒரே வேகம். இரு அணிகளும் தனியாக மோதினால் முதல் அணியின் இருவர் 1, 2 என்று வருவார்கள். இரண்டாம் அணியின் ஏழு பேர் 3 முதல் 9 வரை நிரப்புவார்கள். முதல் அணியின் மற்ற மூவர் 10, 11, 12. முதல் அணிக்கு 36, இரண்டாம் அணிக்கு 25. கூட்டமாக ஓடிய அணி எளிதாக வெல்கிறது.

இதே இரண்டு அணிகளை, இதே வேகத்தில், 255 பேர் ஓடும் தேசியப் பந்தயத்தில் விட்டுப் பார்ப்போம். முதல் அணியின் இருவர் 3, 6 என வருகிறார்கள். இரண்டாம் அணியின் ஐவர் 60, 62, 65, 68, 70. முதல் அணியின் மூவர் 95, 100, 105. இப்போது முதல் அணிக்கு 309, இரண்டாம் அணிக்கு 325. ஓடியவர்கள் அவர்களே, வந்த வரிசையும் அதுவே, வெற்றி மட்டும் இடம் மாறிவிட்டது. முன்பு முதல் அணியின் இரண்டாம் நட்சத்திரத்துக்கும் இரண்டாம் அணியின் முதலாமவருக்கும் நடுவே யாரும் இல்லை. இப்போது அந்த இடைவெளிக்குள் மற்ற அணிகளின் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் புகுந்துவிட்டார்கள்.

இப்படி மிகக் குறைந்த எண்ணைக் கொண்டுவரும் முன்னணி வீரரை அந்த வட்டாரத்தில் ‘லோ ஸ்டிக்’ என்பார்கள். பெரிய பந்தயத்தில் லோ ஸ்டிக் ஒருவர் இருப்பது பெரும் பலம். ஆனால் அதே கணக்கை மறுபக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். முதல் அணியின் அந்த மூவர் 130, 135, 140 என்று நழுவியிருந்தால் தொகை 414; இரு நட்சத்திரங்கள் இருந்தும் பயனில்லை. முன்னணி வீரர் அணிக்கு வாய்ப்பை உண்டாக்குகிறார். அந்த வாய்ப்பைக் காப்பதும் தொலைப்பதும் பின்னால் வருபவர்கள்.

## பந்தயத்துக்குள் நடக்கும் தந்திரங்கள்

தேசியப் பந்தயத்தின் தொடக்கக் கோடு மிக அகலமானது. ஒவ்வோர் அணிக்கும் ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டிருக்கும். அதற்குள் ஏழு பேரும் ஒடுங்கி நிற்பார்கள். சில நூறு மீட்டர் கழித்துப் பாதை குறுகி முதல் திருப்பத்துக்குள் நுழையும். அந்தத் திருப்பத்தை அடையும்போது ஒருவர் 180ஆம் இடத்தில் இருந்தால் அவருக்கு முன்னால் முதுகுகளும் முழங்கைகளுமாக ஒரு சுவர் நிற்கிறது. உடலில் வேகம் இருந்தும் காலை வீசி ஓட இடமில்லை. முந்த வேண்டுமென்றால் வெளிப்பக்கமாகச் சுற்ற வேண்டும். சுற்றுவது கூடுதல் தூரம். அல்லது இடுக்கில் நுழைய வேண்டும். அதற்குத் திடீரென வேகம் கூட்டி உடனே குறைக்க வேண்டும், அது கால்களைத் தின்றுவிடும். ஆகவே எல்லோரும் தொடக்கத்தில் தங்கள் சராசரி வேகத்தைவிட விரைந்து ஓடுகிறார்கள். அளவு மீறி விரைந்தால் எட்டாவது கிலோமீட்டரில் அதற்கான விலையைக் கொடுக்க நேரும்.

எவ்வளவு விரைவது என்பதை மைதானம் தீர்மானிக்கிறது. பாதை அகலமாகவும் தரை இறுகியும் இருந்தால் பொறுமையாகத் தொடங்கிப் பின்னர் முந்தலாம். பாதை குறுகலாகவோ, மழையால் சேறாகவோ இருந்தால் முதலிலேயே இடம் பிடித்தாக வேண்டும். தூரமும் இதை மாற்றுகிறது. 10 கிலோமீட்டரில் மோசமான தொடக்கத்தைச் சரிசெய்ய நேரம் உண்டு. 6 கிலோமீட்டரில் அவ்வளவு இல்லை. பெண்கள் பந்தயத்தின் தொடக்கம் அத்தனை கடுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, கூட்டாக ஓடுவதா தனித்தனியாக ஓடுவதா என்ற கேள்வி. ஓர் அணியின் மூவரோ நால்வரோ ஒன்றாக ஓடும்போது ஒருவருக்கொருவர் காற்றை மறைத்துக்கொள்ளலாம், வேகத்தைப் பார்த்துக்கொள்ளலாம், சோர்வு வரும்போது பக்கத்தில் தெரிந்த சீருடை இருப்பது பெரிய ஆறுதல். அணியின் முதலாமவருக்கும் ஐந்தாமவருக்கும் இடையிலுள்ள நேர வேறுபாட்டை ‘ஸ்ப்ரெட்’ என்பார்கள். அது சிறியதாக இருந்தால் நல்ல அணி என்று சொல்வது வழக்கம். இந்த அளவுகோலை அளவுக்கு மேல் நம்புவது தவறு என்பது என் கருத்து. ஐவரும் 20 நொடிக்குள் வந்தாலும் அவர்கள் 150ஆம் இடத்தைச் சுற்றி வந்தால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மேலும், வலுவானவர் தோழர்களுக்காகத் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டால் அவர் பெற்றிருக்கக்கூடிய இடங்களை அணி இழக்கிறது. முதல் பாதியைச் சேர்ந்து ஓடி, பிறகு அவரவர் வலிமைக்கேற்பப் பிரிந்து முன்னேறுவதே பெரும்பாலான நல்ல அணிகளின் வழி.

தனிநபர் பட்டத்துக்கு ஓடுபவரின் மனக்கணக்கு இதிலிருந்து வேறானது. 2022இல் பார்க்கர் வால்பி துணிந்து முன்னே போய்ப் பந்தயத்தின் பெரும்பகுதியைத் தனியே நடத்தினார். நார்த் கரோலினா ஸ்டேட்டின் கேட்லின் டூஹி பொறுமையாக இடைவெளியைக் குறைத்துக் கடைசிப் பகுதியில் அவரை முந்திப் பட்டம் வென்றார். பார்க்க அருமையான ஓட்டம் அது. ஆனால் அந்த முந்தலால் டூஹியின் அணிக் கணக்கில் மிஞ்சிப்போனால் ஒரே ஒரு புள்ளிதான் மாறும். அதே நேரத்தில் பின்னால் அவருடைய அணியின் ஐந்தாமவர் கடைசிக் கிலோமீட்டரில் ஆறு பேரை முந்தினால் ஆறு புள்ளிகள். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கப் பழகியவருக்கே இந்த விளையாட்டு முழுதாகத் தெரியும்.

## தேசியப் பந்தயத்துக்குள் நுழைவதற்கான தந்திரம்

முதல் பிரிவுக் கல்லூரிகள் ஒன்பது வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. தேசியப் பந்தயத்துக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு வட்டாரப் பந்தயங்கள் நடக்கும். ஒவ்வொரு வட்டாரத்திலும் முதல் இரண்டு அணிகள் நேரடியாகத் தகுதி பெறும். அது 18 அணிகள். மீதமுள்ள 13 இடங்கள் பருவம் முழுவதும் நடந்த பந்தயங்களைப் பார்த்து நிரப்பப்படும். தகுதி பெற்ற அணிகளை இதற்கு முன் எத்தனை முறை தோற்கடித்தீர்கள் என்பதே அங்கே முக்கியமான கேள்வி.

இந்த ஏற்பாட்டிலிருந்து இரண்டு பழக்கங்கள் பிறந்திருக்கின்றன. ஒன்று, பலமான அணிகள் பல்வேறு வட்டாரங்களிலிருந்தும் பயணம் செய்து அக்டோபரில் மேடிசன் போன்ற இடங்களில் நடக்கும் பெரிய பந்தயங்களில் கூடுகின்றன. அங்கே பெறும் வெற்றிகள் நவம்பரில் கைகொடுக்கும். மற்றொன்று, வட்டாரப் பந்தயத்தில் பெரிய அணிகள் முழு வலிமையைக் காட்டுவதில்லை. தகுதிக்குத் தேவையான அளவு மட்டும் ஓடி, தேசியப் பந்தயத்துக்குக் கால்களைக் காப்பாற்றிக்கொள்கின்றன. சில அணிகள் முன்னணி வீரர் ஒருவரை ஓடவே விடாமல் ஓய்வு கொடுக்கின்றன. வட்டாரத்தில் இரண்டாவதாக வந்துவிட்டார்களே என்று அந்த அணியை எடைகுறைத்து மதிப்பிடுபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

## ஓர் அணியின் வாய்ப்பை எடைபோடுவது

‘சென்ற ஆண்டு மூன்றாவது வந்தவர்கள், இந்த ஆண்டு முதலாவது வருவார்கள்’ என்பது வாய்ப்பைக் கணிக்கும் முறையன்று. சென்ற ஆண்டின் முடிவை எடுத்து, படிப்பு முடித்துப் போனவர்களை எல்லா அணிகளிலிருந்தும் நீக்கி, எஞ்சியவர்களைக் கொண்டு புதிதாகக் கூட்டிப் பார்ப்பதே முதல் படி. அப்போது பல அணிகளுக்கு ஐந்தாமவரே இல்லாமல் போவது தெரியும். அந்த வெற்றிடத்தை யார் நிரப்புகிறார்கள் என்பதே அடுத்த கேள்வி. புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவர்கள், வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து மாறி வருபவர்கள், வெளிநாடுகளிலிருந்து வருபவர்கள் ஆகியோரோடு, ‘ரெட்ஷர்ட்’ எடுத்தவர்களையும் பார்க்க வேண்டும். ஒரு பருவம் போட்டியிடாமல் ஒதுங்கியிருந்து, அந்த ஆண்டுக்கான தகுதியைப் பிற்பாடு பயன்படுத்திக்கொள்பவரே ரெட்ஷர்ட். சென்ற ஆண்டு முடிவுப் பட்டியலில் அவருடைய பெயர் இருக்காது என்பதால் கணிப்பவர்கள் கண்ணில் இவர் எளிதில் படுவதில்லை.

ஓடுதளத்தில் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் பதிவான நேரங்கள் பயனுள்ளவை, ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லும். சமதளத்தில் ஒரே தாளத்தில் அழகாக ஓடும் சிலர் மேட்டிலும் சேற்றிலும் தடுமாறுவார்கள். சுமாரான நேரங்களை வைத்திருக்கும் சிலர் குளிரும் எதிர்க்காற்றுமாக இருக்கும் நாளில் முப்பது பேரைத் தாண்டிப் போவார்கள். பருவத் தொடக்கப் பந்தயங்களைப் பார்க்கும்போது எந்த ஏழு பேர் ஓடினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நான்காமவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஓடிய அணியின் தோல்வி, முழு அணியோடு ஓடிய அணியின் தோல்விக்குச் சமமாகாது.

நீண்டகாலம் நிலைக்கும் வலிமைக்கு நார்தர்ன் அரிசோனா நல்ல எடுத்துக்காட்டு. 2016 முதல் 2022 வரையிலான ஏழு ஆண்கள் சாம்பியன்ஷிப்களில் ஆறு அவர்களுடையவை. நடுவில் 2019 மட்டும் பிரிகாம் யங்குக்குப் போனது. அவர்கள் வாழும் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த காற்றில் வாரக்கணக்கில் வாழ்ந்து பயிற்சி செய்யும்போது உடல் கூடுதலாகச் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. தாழ்ந்த நிலத்துக்கு இறங்கி ஓடும்போது அது உதவுகிறது. ஆனால் உயரம் மட்டுமே கோப்பை தந்துவிடாது. மலையில் இருக்கும் பல்கலைக்கழகங்கள் வேறும் உண்டு. வலுவான ஆறாமவரையும் ஏழாமவரையும் ஆண்டுதோறும் உருவாக்க முடிந்ததும், மூத்தவர்கள் விட்டுப்போன இடத்துக்கு இளையவர்கள் ஆயத்தமாக இருந்ததும் அந்த வெற்றிகளுக்கு உயரத்தைவிடக் குறைந்த காரணமன்று.

வெல்வதற்கு எத்தனை புள்ளிகள் போதும் என்பதும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆண்கள் பிரிவில் 2022இல் 83 எடுத்த ஓர் அணி கோப்பையை இழந்தது; 2023இல் ஓக்லஹோமா ஸ்டேட் 49 புள்ளிகளில் வென்றது; 2024இல் பிரிகாம் யங்குக்கு 124 போதுமானதாக இருந்தது. ஓரிரு அணிகள் மிக வலுவாக இருக்கும் ஆண்டில் வெற்றித் தொகை சிறுத்துவிடும். நல்ல வீரர்கள் பல அணிகளிலும் பரவியிருக்கும் ஆண்டில் பெருத்துவிடும். அப்படிப்பட்ட ஆண்டில்தான் ஐந்தாறு அணிகளுக்கு உண்மையான வாய்ப்பு இருக்கும்.

இவற்றையெல்லாம் கணித்த பிறகும் எண்களுக்குள் அடங்காத ஒன்று உண்டு: நவம்பரின் அந்த ஒரு காலையில் ஏழு பேரும் உடல்நலத்தோடு இருக்க வேண்டும். வாரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் கால்களில் எலும்பு விரிசல், தசைநாண் அழற்சி, போதாததற்குக் குளிர்காலச் சளிக்காய்ச்சல். எனவே பருவம் முழுவதும் பயிற்சியாளரின் மிகக் கடினமான முடிவு, யாரை விரட்டி ஓடவைப்பது என்பதைவிட யாரை நிறுத்திவைப்பது என்பதாகவே இருக்கிறது.

நேரலையில் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பந்தயம் நடக்கும்போதே ஒவ்வொரு கட்டத்திலும் அணிகளின் அப்போதைய தொகை திரையில் வரும். இரண்டாவது கிலோமீட்டரில் வரும் தொகையை நம்ப வேண்டாம். தொடக்கத்தில் விரைந்த அணி அங்கே பொய்யாக மேலே நிற்கும். ஆண்கள் பந்தயத்தில் எட்டாவது கிலோமீட்டர்த் தொகை வந்ததும், முன்னிலையில் இருக்கும் இரண்டு அணிகளின் ஐந்தாமவர்கள் எந்த இடத்தில் இருக்கிறார்கள், இரண்டாவது கிலோமீட்டரிலிருந்து அவர்கள் முன்னேறியிருக்கிறார்களா நழுவியிருக்கிறார்களா என்று பாருங்கள். எஞ்சியுள்ள இரண்டு கிலோமீட்டரில் அவர்கள் அதே திசையில் போவதற்கே வாய்ப்பு அதிகம்.